எட்டாம் பெட்டிக்காரியின் எடை

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தோடு பழ லாரியில் ஒரு ஐஸ் பெட்டி வருகிறது. உள்ளே செத்துப்போன கூகை ஒன்று இருக்கிறது. நீங்கள் அருங்காட்சியகத்தில் செத்த பறவைகளைப் பிரித்துப் பார்த்துப் பாடம் செய்கிறவர் என்பதால் உங்களுக்கு அனுப்புகிறேன். வேறு யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களுக்கு அனுப்பியிருப்பேன்.

விஷயம் இதுதான். இந்தப் பழத்தோட்டத்தில் எலிமருந்து வைப்பதை நிறுத்திவிட்டு, கம்பங்களில் மரப்பெட்டி மாட்டிக் கூகைகளைக் குடிவைத்திருக்கிறோம். வெள்ளை மூஞ்சி ஆந்தை என்றால் அம்மாவுக்குப் புரியும். நாங்கள் பொறி வைத்து ஒரு வாரம் பிடிக்கிற எலியை ஒரு கூகைக் குடும்பம் ஒரே இரவில் தின்று தீர்த்துவிடும். பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போது குஞ்சு பொரிக்கும் காலம். இந்த நேரம் பார்த்துப் பெட்டிகளுக்கு அடியில் கூகைகள் ஒவ்வொன்றாகச் செத்துக் கிடக்கின்றன.

என் மாமனார்தான் தோட்ட மேலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். "எல்லாம் சின்னச் சின்னதா இருக்கு பாருங்க மாப்ள. பறக்கப் பழகுற குஞ்சுங்க. விழுந்து சாகுறது சகஜம்தான்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் மாதக் கடைசியில் முதலாளி வருகிறார். பெட்டிகள் காலியாகக் கிடந்தால், கூகையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பழையபடி மருந்தே வையுங்கள் என்று சொல்லிவிடுவார். அப்புறம் எனக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லையென்றால் குடியிருக்கிற வீடும் இல்லை.

எதனால் செத்தது என்று மட்டும் எழுதுங்கள். இங்கே கைப்பேசியில் சிக்னல் கிடையாது. பதிலை லாரிக்காரரிடமே கொடுத்தனுப்பினால் போதும். வாசலில் எடை மேடை அருகே லாரி நிற்கும்போது என் கைக்கு வந்துவிடும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி


பிப்ரவரி 6

சுண்டு,

இரண்டு வருடம் கழித்துத் தம்பி ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று ஆசையாகப் பெட்டியைத் திறந்தால் பிணம். பழத்தோட்டத்தில் வேலை, பழ லாரியில் வருகிறது, ஒரு பழமாவது கூட வைத்தாயா? அதென்ன "நீங்கள்"? வாடகைக்கு வீடு கேட்டு வந்தவன் மாதிரி எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து "நீ, வா, போ" என்றுதானே கூப்பிட்டாய். கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. மரியாதை வேண்டாம்.

இப்போது உன் கூகைக்கு வருகிறேன். உன் மாமனாரிடம் சொல், இது குஞ்சு இல்லை. சிறகெல்லாம் ஒரு தடவை உதிர்ந்து மறுபடி முளைத்த பறவை. பிரித்துப் பார்த்தேன், ஆண். சின்னதாக இருப்பதற்கு அதுதான் காரணம். சேவலையும் கோழியையும் பார்த்துப் பழகிய நமக்கு ஆண்தான் பெரிதாக இருக்கும் என்று நினைப்பு. ஆந்தையிலும் பருந்திலும் தலைகீழ். அங்கே பெண்தான் கனம். ஏன் என்று கேட்டால் புத்தகத்துக்கு ஒரு காரணம் எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குச் சரியாகப் படுவது இது: அவள் முட்டையோடும் குஞ்சோடும் பெட்டிக்குள்ளேயே கிடக்கவேண்டும், அதற்கு உடம்பில் சதை வேண்டும். அவன் வெளியே திரிந்து எலி பிடித்துக் கொண்டுவரவேண்டும், அதற்கு உடம்பு லேசாக இருக்கவேண்டும். எங்கள் கண்ணாடிப் பெட்டியில்கூட யாரோ ஒரு மகானுபாவர் பெரியதன் காலடியில் "ஆண்" என்றும் சின்னதன் காலடியில் "பெண்" என்றும் எழுதிவைத்துப் போயிருக்கிறார். மாற்றலாம் என்றால் காப்பாட்சியர் விடமாட்டேன் என்கிறார். பார்க்க வருகிறவர்கள் குழம்பிவிடுவார்களாம்.

ஆகவே உன் தோட்டத்தில் சாவது குஞ்சுகள் இல்லை. அப்பன்கள். வெளியே போகிறவன்தான் சாகிறான், பெட்டிக்குள் இருக்கிறவள் சாகவில்லை. அப்படியென்றால் சாவு வெளியே இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. விழுந்து செத்த பறவையின் இறக்கை விரிந்து கோணலாகக் கிடக்கும். இதன் இறக்கைகள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. நீ மடித்தாயா? அடுத்து, கழுத்து இறகை விலக்கினால் சுற்றிலும் மெல்லிய கோடு, நூலால் இறுக்கினது போல. கால் நகத்தில் முடி கனத்தில் ஒரு நைலான் துண்டு சிக்கியிருந்தது. அதன் முனை அறுந்ததல்ல, கத்தரியால் வெட்டியது. யாரோ இதை எதிலிருந்தோ வெட்டி எடுத்து, இறக்கையை மடித்து, பெட்டிக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உன் மாமனார் அவசர அவசரமாகக் "குஞ்சு" என்று சொன்னது ஏன் என்று யோசி.

உன் கடித உறையின் மடிப்பு நெளிநெளியாக இருந்தது. ஆவியில் காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டினால் அப்படி ஆகும். பழைய பெயர்ச்சீட்டுகளை நான் அப்படித்தான் உரிக்கிறேன். எதையாவது எழுதிவிட்டு மனசு மாறி நீயே பிரித்தாயா? இல்லையென்றால் லாரிக்காரர் மேல் ஒரு கண் வை.

பெரிய கூகை ஏதாவது செத்தால் அதையும் அனுப்பு. ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

"நீ" என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

பெண்தான் பெரிதாக இருக்கும், அது இயற்கை என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறாய். இந்த ஞானம் என் கல்யாணத்தன்று எங்கே போயிருந்தது? போட்டோ எடுக்கிறவர் எனக்குக் காலடியில் பலகை போட்டபோது, "பலகை போதாதுப்பா, நாற்காலி கொண்டா. ஸ்கூல்ல விட வந்த டீச்சர் மாதிரி இருக்கா பொண்ணு" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படிச் சொன்னவள் நீ. அவள் காதில் அது விழுந்தது. விழவில்லை என்று நீ சொல்லிக்கொண்டிருக்கலாம், பக்கத்தில் நின்றவன் நான். இன்றுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்தப் போட்டோவை அவள் சுவரில் மாட்டவும் இல்லை.

இப்போது அவள் அப்பாமேல் சந்தேகம். அந்தக் குடும்பத்தை உனக்கு முதலிலிருந்தே ஆகாது. மேலாளர் வீட்டில் பெண் எடுத்தால் காலம் பூராவும் மாமனாருக்குக் கைகட்டி நிற்பேன் என்று ஊரெல்லாம் சொன்னாய். உன் கண்ணுக்கு அவர் நல்லவராக என்றைக்குத் தெரியப்போகிறார்?

இறக்கையை நான் மடிக்கவில்லை. உறையையும் நான் பிரிக்கவில்லை. உன் கடிதமும் எனக்கு அப்படி நெளிந்துதான் வந்தது. லாரிக்காரரைக் கேட்டேன். "எனக்கு என் பொண்டாட்டி எழுதுறதையே படிக்க நேரமில்ல தம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று செத்துவிட்டது. அனுப்பியிருக்கிறேன். இதுவும் சின்னது. எட்டாம் பெட்டிக்கு அடியில் கிடந்தது, நீ சொன்ன மாதிரியே இறக்கை மடித்து. அன்று சாயங்காலத்திலிருந்து எட்டாம் பெட்டிக்கு எலி கொண்டுவரும் பறவை வரவில்லை. உள்ளே பெரியவளும் பஞ்சு உருண்டை மாதிரிக் குஞ்சுகளும் இருக்கின்றன.

நூலைப் பற்றி மாமாவிடம் சாடையாகக் கேட்டேன். "மூட்டை தைக்கிற நூலா இருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமான் அறைக்குப் புதிதாகப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எலிப்பொறி எடுக்கப் போனால், பொறியெல்லாம் தன் மகளிடம் இருக்கிறது, அவளே வைத்துவிடுவாள் என்கிறார். இதையெல்லாம் உனக்கு எழுதவேண்டுமா என்று மூன்று தடவை யோசித்தேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். பெரிய கூகை செத்தால் அனுப்பு என்றாயே, உன் கண்ணாடிப் பெட்டிக்கு ஜோடி தேவைப்படுகிறதா? நான் வேலையை இழக்கப்போகிறேன், உனக்குப் பொம்மை சேர்கிறது, அப்படித்தானே?

தம்பி


பிப்ரவரி 14

சுண்டு,

பொம்மை சேர்க்கிறேன் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒட்டிவைத்து மிச்சத்தைப் படித்தேன். எனக்கு உன் பெரியவள் உயிரோடு வேண்டும். அதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

கல்யாணத்தில் நான் சொன்னது உன்னைக் கிண்டல் பண்ண. அவளை இல்லை. நீ குட்டையாக இருப்பதைச் சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறது, சின்ன வயதில் உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். அவள் காதில் விழுந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு அதை விடு.

இரண்டாவது பறவையும் ஆண்தான். அதே கோடு, அதே நூல். எங்கள் வௌவால் பிரிவுக்காரரிடம் காட்டினேன். பார்த்த உடனே சொல்லிவிட்டார், பழந்தின்னி வௌவாலுக்கு மரத்துக்கு மேலே கட்டுகிற வலை. சாயங்காலம் கட்டி விடியுமுன் சுருட்டிவிட்டால் பகலில் ஒருவர் கண்ணிலும் படாது. சீக்கிரம் பழுக்கிற மரங்கள் உன் தோட்டத்தில் எந்த மூலையில் இருக்கின்றன? பழம் குறைந்தால் முதலாளி யாரைக் கேட்பார்? கூகை குறைந்தால் யாரைக் கேட்பார்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிப் பார், யார் வலை கட்டியது என்று தானாகத் தெரியும்.

இப்போது அவசரம் எட்டாம் பெட்டி. புருஷன் வரவில்லையென்றாலும் அவள் உடனே எழுந்து போகமாட்டாள். குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும், அதனால் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெரிய உடம்பு அதற்காகத்தான். அதைக் கரைத்துக் கரைத்துத்தான் காத்திருப்பாள். கரைந்து ஒரு அளவுக்குக் கீழே போனால், தன் உயிரைப் பார்த்துக்கொண்டு பறந்துவிடுவாள். குஞ்சுகள் அன்றைக்கே முடிந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பட்டினி அப்படி. பகலில் துணிப்பையில் போட்டு ஒருமுறை எடை பார். சில நாள் விட்டு இன்னொரு முறை. அதற்கு மேல் தொந்தரவு கொடுக்காதே. எடை இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இந்த உறைக்கு இரண்டு தடவை பசை தடவியிருக்கிறேன். மடிப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

கோடு விலகித்தான் இருந்தது. கையெழுத்தின் மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம். லாரிக்காரர் அன்று லீவு, வேறு ஆள் ஓட்டிவந்தார். அப்படியென்றால் பிரித்தது லாரிக்காரர் இல்லை. இதற்கு மேல் நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

வலையைத் தேடினேன். சீக்கிரம் பழுக்கிற மரங்கள் தோட்டத்தின் கடைசி வரிசையில், ஓடைப் பக்கம் இருக்கின்றன. பகலில் அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மரங்களின் உச்சியில் மூங்கில் கழி கட்டிய தடம் இருக்கிறது, பட்டை உரிந்து பச்சையாக. சாயங்காலம் போகலாம் என்றால் மாமா சரியாக அந்த நேரத்துக்கு எனக்கு வாசல் பக்கம் ஏதாவது வேலை சொல்லிவிடுகிறார். தினமும். முன்பெல்லாம் இப்படிச் சொன்னதில்லை.

எட்டாம் பெட்டிக்காரியை எடை பார்த்தேன். என் மனைவி எடை மேடையில் வேலை பார்க்கிறாள் அல்லவா, லாரிக்காரர்களுக்குத் தேநீர் போடுவதும் அவள்தான், அங்கிருந்து சின்னத் தொங்கு தராசை வாங்கிக்கொண்டு போனேன். முதல் தடவை நல்ல கனம். ஐந்து நாள் கழித்து மறுபடி பார்த்தேன். இறங்கவே இல்லை, அக்கா. ஒரு பிடி ஏறியிருக்கிறதோ என்றுகூடச் சந்தேகம். குஞ்சுகளும் கொழுகொழுவென்று இருக்கின்றன. பெட்டியை விட்டு அவள் போகவும் இல்லை, ஆண் வரவும் இல்லை. தினமும் வாசல் வேலை முடிந்தபின் அங்கிருந்தே இருட்டும்வரை தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். காற்றைத் தின்றா கனம் ஏறுகிறாள்?

இன்னொன்று. தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் வாயைத் திறக்குமுன்னே, "எடை குறையலதானே?" என்று கேட்டாள் என் மனைவி. எதற்கு எடை பார்க்கிறேன் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

அதிலிருந்து கவனிக்கிறேன். பொழுது சாயும் நேரம் எடை மேடையைப் பூட்டிவிட்டு அவள் நேராக வீட்டுக்கு வருவதில்லை. பழைய டிபன் பாக்ஸ் ஒன்று சமையலறையில் காணவில்லை. வந்ததும் முதல் வேலையாக சோப்புப் போட்டுக் கையை முழங்கைவரை கழுவுகிறாள். எங்கே போனாய் என்றால், அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்கிறாள். நேற்று மாமாவே என்னிடம், "அவ என்னைப் பாக்க வந்தே நாலு நாள் ஆச்சு, உங்களுக்குள்ள எதாவது சண்டையா?" என்று கேட்டார்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. சாப்பாடு போடும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் நிமிர்ந்தால் திரும்பிக்கொள்கிறாள். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் என்னமோ நடக்கிறது. யாரிடம் கேட்பது? கேட்டு, நான் பயப்படுகிற பதில் வந்துவிட்டால் அதற்கப்புறம் இங்கே எப்படி இருப்பது?

தம்பி


பிப்ரவரி 23

சுண்டு,

ஆண் இல்லாமல் அந்தப் பெண் எடை குறையாமல் இருக்க முடியாது. நடக்காத காரியம். ஒன்று தராசு பொய் சொல்கிறது, இல்லை தராசுக்குச் சொந்தக்காரி பொய் சொல்கிறாள். எடை மேடையில் இருக்கிறவளுக்கு ஒரு தராசின் முள்ளை இப்படி அப்படித் திருகிவைக்கத் தெரியாதா? எதற்குத் திருகவேண்டும்? எட்டாம் பெட்டி நன்றாக இருக்கிறது என்று நீ நம்பிவிட்டால் வலையைத் தேடமாட்டாய், அதற்குத்தான்.

நான் எழுதப்போவது உனக்குக் கசக்கும். கடிதங்கள் எடை மேடை வழியாக வருகின்றன. எடை மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? தேநீர் போடுகிற கெண்டி யார் பக்கத்தில் இருக்கிறது? நீ நினைக்கப் பயப்படுவதை நானே எழுதிவிடுகிறேன். பிரித்துப் படிப்பது உன் பெண்டாட்டி. படித்துவிட்டு அப்பாவிடம் சொல்கிறாள். அதனால்தான் சாயங்காலமானால் உனக்கு வாசல் பக்கம் வேலை வருகிறது. அந்த உயரத்துக்கு வலையின் மேல் முனையைக் கட்ட அவளுக்கு ஏணிகூடத் தேவைப்படாது. செத்த பறவைகளைக் கொண்டுவந்து போட ஒரு டிபன் பாக்ஸ் போதும், கையை முழங்கைவரை கழுவினால் ரத்தமும் போய்விடும்.

அந்த நெட்டையை நம்பாதே. அவளிடம் ஒன்றும் கேட்காதே, கேட்டால் காதில் பூ சுற்றுவாள். ஒருநாள் மாமனார் சொன்ன வேலையைப் போட்டுவிட்டு, அவள் எடை மேடையைப் பூட்டியதும் பின்னாலேயே போய்ப் பார். முதலாளி வருவதற்குள் பார். கண்ணால் பார்த்ததை எனக்கு எழுது. நீ அங்கே இருக்க முடியாமல் போனால் இங்கே உன் அறை அப்படியேதான் இருக்கிறது. அம்மா இன்னும் உன் கட்டிலில் துணி மடித்து வைக்கிறாள்.

இதற்கு அருங்காட்சியகத்து அரக்கு முத்திரை வைத்திருக்கிறேன். உடைக்காமல் பிரிக்க முடியாது. உடைந்திருந்தால் உனக்கே புரியும்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

முத்திரை உடைந்திருந்தது. கடிதத்தை என் கையில் கொடுத்தது அவள்தான். உறையைத் திரும்ப ஒட்டக்கூட இல்லை, அப்படியே திறந்தபடி நீட்டினாள். நீட்டிவிட்டு வாசலுக்கு வந்த அடுத்த லாரியை எடை போடப் போய்விட்டாள். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நீ எழுதியதைப் படித்தேன். எல்லாம் பொருந்தியது.

அன்று சாயங்காலம் அவள் எடை மேடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். நான் மோட்டார் அறைக்குப் பின்னால் மறைந்து நின்று, அவள் கொஞ்சதூரம் போனதும் மரத்துக்கு மரம் ஒதுங்கி ஒதுங்கிப் பின்னால் போனேன். கையில் அந்த டிபன் பாக்ஸ். வழியில் பொறிகளைக் குனிந்து பார்த்து எதையோ எடுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். ஓடைப் பக்கம் போவாள் என்று நினைத்தேன். எட்டாம் பெட்டிக்குப் போனாள். கம்பத்தில் என் ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு படியில் கால் வைத்தவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"வந்துட்டீங்களா? ஏணியைப் பிடிங்க, ஆடுது."

போய்ப் பிடித்துக்கொண்டேன். நீ பின்னால் போகச் சொன்னதை அவள் எனக்கு முன்னாலேயே படித்துவிட்டாள் அல்லவா, எதிர்பார்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள். நான் கடைசிப் படியில் நுனிக்காலில் நின்றால்தான் எட்டும் பெட்டி அது. அவள் பாதி ஏணியில் நின்றபடியே டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு எலியை வாலைப் பிடித்து எடுத்து, பெட்டிக்குள் மெதுவாக வைத்தாள். பிறகு இன்னொன்று. உள்ளே பெரியவள் சீறினாள். அப்புறம் குஞ்சுகள் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அவள் இறங்கி வந்து என் எதிரில் நின்றாள்.

"அக்கா எழுதியிருந்தாங்க, பட்டினி கிடந்தா குஞ்சை விட்டுட்டுப் போயிடும்னு. படிச்சுட்டு எப்படிங்க சும்மா இருக்கிறது? எங்கப்பாவையும் காட்டிக்கொடுக்க முடியல, உங்ககிட்டயும் சொல்ல முடியல. எலியாவது வைப்போம்னு வச்சேன்."

அக்கா, தராசு பொய் சொல்லவில்லை.

வலை கட்டியது மாமாதான். செத்ததை வெட்டி எடுத்து இறக்கையை மடித்துக் கொண்டுவந்து வைத்ததும் அவர்தான். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் இவளுக்கே தெரிந்திருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் உனக்கு என்ன எழுதுகிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் பிரித்தாளாம். என்னிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேனாம். உண்மைதான், சொல்லியிருப்பேன். அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். அந்த வரிசைப் பழம் பறிக்கும்வரை பொறுத்துக்கொள் என்றிருக்கிறார். அதோடு அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அங்கிருந்து என்னைக் கையைப் பிடித்து ஓடைப் பக்கம் கூட்டிப்போனாள். மாமா வலையின் ஒரு முனையைக் கட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இவள் இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, இன்னும் இழுத்துக் கட்டாமல் தழைந்து கிடந்த வலையை மேலிருந்து கீழ்வரை கத்தரித்தாள். எட்டாத இடம் என்று ஒன்றும் இல்லை. மாமா தடுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "பழம் போனா என்னைக் கேப்பாங்க, ஆந்தை போனா உங்களைக் கேப்பாங்க. நான் என்னை மட்டும் யோசிச்சுட்டேன் மாப்ள."

முதலாளி முந்தாநாள் வந்தார். மாமாவே எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ரொம்ப நேரம் கத்தினார். பிறகு எட்டாம் பெட்டியைக் காட்டினேன். ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தவர், மூஞ்சிக்கு நேரே பெரியவள் சீறியதும் தடுமாறி இறங்கினார். அறுவடை முடியட்டும், பெட்டிகள் இருக்கட்டும், மேலாளரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அப்புறம் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

நீ எழுதியதையெல்லாம் நானும் நம்பினேன். உன்மேல் பழிபோட்டுத் தப்பிக்கமுடியாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் தூசி விழுந்தது என்றேன். நம்பவில்லை.

தம்பி


மார்ச் 5

இதை முதலில் பிரிக்கிறவளுக்கு,

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கசக்கிப் போட்டேன். நெட்டை என்று நான் எழுதியதைப் படித்திருக்கிறாய். நம்பாதே என்று எழுதியதைப் படித்திருக்கிறாய். உன் கையில் ரத்தம் என்று எழுதியதையும் படித்திருக்கிறாய். கெண்டி பக்கத்தில் இருந்தது, அடுப்பும் இருந்திருக்கும். ஒரு கடிதத்தையாவது அதில் போட்டிருக்கலாம். எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்திருக்கிறாய். கடைசிக் கடிதத்தை, உன்னைப் பின்தொடரச் சொன்ன கடிதத்தை, ஒட்டாமலே கொடுத்திருக்கிறாய். நான் உன் இடத்தில் இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

முதலில் வேலை. மருந்து தின்ற எலியாக இருந்தால் வைக்காதே, பொறியில் உயிரோடு விழுந்தது மட்டும். குஞ்சுகளுக்குப் பஞ்சு உதிர்ந்து சிறகு முளைத்ததும் பெரியவளே வெளியே போய் வேட்டையாடத் தொடங்குவாள். அதுவரை வைத்தால் போதும். ஏணியைச் சுண்டுவைப் பிடிக்கச் சொல், அதற்கு அவன் சரியான ஆள்.

இன்று காலை காப்பாட்சியர் வருவதற்குள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சீட்டு இரண்டையும் மாற்றிவைத்துவிட்டேன். பெரியதன் காலடியில் "பெண்". வந்தவர்கள் யாரும் குழம்பவில்லை. ஒரு அம்மா மட்டும் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கல்யாணத்தன்று நான் சொன்னது உன் காதில் விழுந்தது என்று அவன் எழுதியிருந்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். உன் முகத்தைப் பார்த்தேன். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். நேரில் வந்து சொல்லவேண்டியது இது, அறுவடை முடிந்ததும் வருகிறேன். அந்தப் போட்டோ எங்கே இருக்கிறது என்று தேடிவை, நானே ஆணி அடித்து மாட்டுகிறேன். அம்மாவும் வருகிறாள்.

படித்து முடித்ததும் அவனிடம் கொடு. உறைக்கு இந்தமுறை பசை போடவில்லை.

அண்ணி